குப்பைக் கிடங்குக்கும் ஒரு பந்தம்

“விளக்குத் திருநாளான தீபாவளி உங்களுக்கு ஆன்மிக ரீதியில் என்ன பொருள் தருகிறது, பொதுவாகச் சொல்லாமல் உங்கள் சொந்த அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்பது கேள்வி.

உண்மையைச் சொன்னால் தீபாவளி எனக்குப் பெரிதாக ஒன்றும் தருவதில்லை. விடிய எழும்பி எண்ணெய் வைத்து முழுகி, புது உடுப்போடு கோயிலுக்குப் போய் வந்தால் மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி, அவ்வளவுதான். எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கத்தில் அன்றைக்கு வரிசையாக விளக்கு வைக்கும் வழக்கமும் பெரிதாகக் கிடையாது. கொழும்பில் இப்போது சிலர் வைக்கிறார்கள், டிவி பார்த்து வந்த பழக்கம் என்பது என் ஊகம். எங்களுக்கு விளக்குத் திருநாள் என்றால் அது கார்த்திகை விளக்கீடு. தமிழ்நாட்டில் கார்த்திகை தீபம் என்பார்கள். விளக்கீடு என்பது ஏதோ யாழ்ப்பாணப் பேச்சு வழக்கு என்று நினைத்துவிடாதீர்கள், மயிலாப்பூரில் பூம்பாவைக்காகச் சம்பந்தர் பாடிய 7ஆம் நூற்றாண்டுத் தேவாரத்தில் இதே சொல்தான் இருக்கிறது.

ஊரில் அம்மம்மா பின்னேரமே தொடங்கிவிடுவார். பழைய வேட்டியைக் கிழித்து, தடிகளில் இறுக்கிச் சுற்றி, தேங்காயெண்ணெயில் ஊறவைத்துப் பந்தம் செய்வார். படலையடியில் வாழைக்குற்றியை நட்டு, அதன் தலையில் பாதியாய் வெட்டிக் குடைந்த பப்பாசிக்காயை வைத்து எண்ணெய் விட்டு எரிப்போம். சாமியறை, வாசல் எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குப் பிடித்த பகுதி: ஒரு பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு அவர் வளவைச் சுற்றுவார், நான் மற்றப் பந்தங்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு பின்னால். கிணற்றடிக்கு ஒன்று, மாட்டுக்கொட்டிலுக்கு ஒன்று, பலாமரத்தடிக்கு, கக்கூசடிக்கு, கடைசியாகக் குப்பைக் கிடங்குக்கு. குப்பைக்கு ஏன் அம்மம்மா என்று கேட்டேன். “அதுவும் எங்கட வளவுதானே” என்றார்.

இந்த நாளுக்கு எல்லோரும் சொல்வது அடிமுடி தேடிய கதை. பிரமனும் விஷ்ணுவும் யார் பெரியவர் என்று சண்டைபிடிக்க, அடியும் முடியும் தெரியாத நெருப்புத் தூணாகச் சிவன் நின்றார், அதுதான் திருவண்ணாமலை. இன்றைக்கும் 2,668 அடி உயர மலை உச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றுகிறார்கள், எங்கள் கோயில் முற்றங்களில் பனை ஓலை கட்டிக் கொளுத்தும் சொக்கப்பனையும் அந்தத் தூண்தான். நல்ல கதை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குள் இறங்கியது அந்தக் குப்பைக் கிடங்குப் பந்தம்தான். காணிப் பிரச்சினையில் தம்பியோடு ஆறு வருடம் கதைக்காமல் இருந்தவன் நான். தினமும் தேவாரம் பாடுகிறேன், சாமியறைக்குள் அந்தக் கோபத்தை மட்டும் கொண்டுபோகவே மாட்டேன், வாசலோடு விட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். விளக்கீட்டன்று அந்த மூலைக்கும் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இதற்குமேல் எனக்குத் தத்துவம் தெரியாது.

2008 இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தோம். போரில் இறந்த புலிகளை நினைத்து விளக்கேற்றும் மாவீரர் நாளும் கார்த்திகையில்தான் வருகிறது, அதனால் அந்த மாதத்தில் தமிழ் வீட்டு வாசலில் விளக்கு எரிந்தால் யார் என்ன நினைப்பார்களோ என்ற பயம். வெளியே வைக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், அவரையும் பிழை சொல்ல முடியாது. அம்மா யன்னல் சேலையை இழுத்து மூடிவிட்டு, நிலத்தில் ஐந்து சிட்டிகளை, அதாவது சின்ன மண் விளக்குகளை, வைத்து ஏற்றினார். புகை கண்ணைக் கரித்தது. யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. அந்த ஐந்து விளக்கை நான் பார்த்த மாதிரி வேறு எந்த விளக்கையும் பார்த்ததில்லை.

இப்போது தொடர்மாடியில் நாலாம் மாடி. கலண்டரில் முருகன் கோயில்களுக்குக் குமாராலய தீபம், மற்றக் கோயில்களுக்குச் சர்வாலய தீபம் என்று தனித்தனியாகப் போட்டிருக்கும், வீட்டுக்குச் சர்வாலய தீபத்தன்றுதான். பௌர்ணமியை ஒட்டி வருவதால் பல வருடங்களில் போயா என்கிற பௌர்ணமி லீவும் சேர்ந்துவிடும். பந்தமெல்லாம் சரிவராது, நடைபாதையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி கத்தும். பால்கனியில் சிட்டிகள், லிஃப்ட் பக்கத்தில் ஒன்று, அப்புறம் கீழே போய்க் குப்பைத் தொட்டிகள் இருக்கும் கொட்டிலடியில் ஒன்று.

போன வருடம் அதை வைத்துவிட்டு மேலே வந்து அரை மணித்தியாலம் இருக்காது, காவலாளி மணி அடித்தார். வயதான சிங்களவர். சரி, எடுக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று மன்னிப்புக் கேட்கத் தயாராகிவிட்டேன். எண்ணெய் முடியப் போகிறது, கொஞ்சம் தாருங்கள் மாத்தயா (ஐயா) என்றார். போத்தலோடு கூடவே இறங்கினேன். மழை தூறத் தொடங்கியிருந்தது. யாரோ எறிந்திருந்த காட்போட் பெட்டியை வெட்டி, காற்று வரும் பக்கம் மறைப்பாக நிறுத்தி வைத்திருந்தார்.