பழைய வண்டி: கேள்வி – பதில்

கே: 1978 அம்பாசிடர் வைத்திருக்கிறேன். டேங்க் அடியில் பெட்ரோல் கசிகிறது. எபாக்சி பசை வைத்து அடைத்தும் மூன்றே வாரத்தில் மறுபடி ஈரம். பட்டறையில் வெல்டு வைத்துவிடலாம் என்கிறார்கள், இல்லையென்றால் ஜி.ஐ. தகட்டில் புது டேங்க் செய்து தருவார்களாம். எதற்குச் சம்மதிக்கலாம்?
– வாசகர், குடியாத்தம்

ப: இரண்டுக்கும் வேண்டாம். வெல்டிங் விஷயத்தில், நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. வெடிப்பது பெட்ரோல் ஆவி. எத்தனை முறை தண்ணீர் விட்டு அலசினாலும் தகட்டு மடிப்பிலும் துருவுக்கு அடியிலும் கொஞ்சம் பெட்ரோல் தங்கியிருக்கும். சூடு பட்டதும் ஆவியாகிவிடும். அதோடு, பெட்ரோலைவிடக் கனமான தண்ணீர் அடியில் போய்த் தேங்குவதால் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. கசிகிற ஓட்டை ஒன்று என்றால், சுற்றிலும் உள்ள தகடு காகிதமாகியிருக்கும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மெல்லத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்னும், அரித்த இடம் பொத்பொத்தென்னும்.

ஜி.ஐ. தகட்டில் உள்ள துத்தநாகப் பூச்சுக்கும் இப்போது பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கும் ஆகாது. பூச்சு வெள்ளைப் பொடியாகக் கரைந்து கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் நுண்துளையான ஜெட்டை அடைக்கும். 18 கேஜ் (1.2 மி.மீ.) சி.ஆர். தகடு, அதாவது பூச்சில்லாமல் குளிர்நிலையில் உருட்டிய எஃகுத் தகடு கேளுங்கள். செலவு கட்டுப்படியானால், ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரிடம் 304 ஸ்டெயின்லெஸ்.

பழைய டேங்க்கை மாதிரிக்குக் கொடுக்கும்போது, அதன் அருகில் நெருப்பு கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். புதிதில் மூன்றைப் பார்த்து வாங்குங்கள். உள்ளே தடுப்புத் தகடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, குழாய் காற்றை இழுக்கும். உறிஞ்சு குழாயின் முனை அடித்தகட்டுக்குச் சுமார் 10 மி.மீ. மேலே நிற்க வேண்டும். டேங்க்குக்குள் காற்று போய்வரும் காற்றுக் குழாய் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். கசிவு பார்க்க எல்லா வாயையும் அடைத்து, சைக்கிள் பம்பால் 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல் அடித்து, சோப்பு நுரை தடவுங்கள். கம்ப்ரசரை வைத்தால் டேங்க் பூரி மாதிரி உப்பிவிடும்.

கழற்றும் வேலை திறந்த வெளியில். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், ஆகவே சர்வீஸ் பள்ளத்தில் இறங்கவே வேண்டாம். முதலில் பேட்டரியில் பாடியோடு சேர்ந்திருக்கும் எர்த் ஒயரை எடுங்கள். கசிவோடு ஓட்டித் தீர்க்க நினைக்காமல், கைப் பம்பால் உலோக கேனில் இறக்குங்கள். வாயால் உறிஞ்சுகிற பழைய வித்தை ஆகாது. 54 லிட்டர் நிறைந்திருந்தால் பெட்ரோல் மட்டுமே 40 கிலோ. முன் சக்கரத்துக்குக் கட்டை, பின்னால் ஜாக்கியோடு ஸ்டாண்டும். துருவேறிய போல்ட்டுகளுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டு வையுங்கள், கிரைண்டரும் கேஸ் கட்டரும் அந்தப் பக்கமே வரக் கூடாது. ஃபில்லர் ஹோஸ், காற்றுக் குழாய், மீட்டர் ஒயர், பெட்ரோல் லைன் எல்லாவற்றையும் விடுவித்து, பலகை வைத்த இன்னொரு ஜாக்கியில் டேங்க்கைத் தாங்கி இறக்குங்கள்.

டேங்க்குக்கும் பாடிக்கும் நடுவில் இருந்த ரப்பர் பட்டையைப் பாருங்கள். அது ஊறிப்போய்த் தண்ணீரைப் பிடித்துவைத்திருந்தால் வெளித்துருவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. புதுப் பட்டைதான் போட வேண்டும். ஹோஸ்கள் அத்தனையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்தில் மாற்றுங்கள். பழைய ரப்பர் உப்பி, உள்பக்கம் உரிந்து வரும். டேங்க்கில் பெட்ரோல் அளவைப் பார்த்து மீட்டருக்குச் சொல்லும் மிதவை யூனிட்டுக்குப் புது கேஸ்கெட் போடுங்கள். சாதாரண சிலிக்கான் தடவினால் பெட்ரோலில் ஊறி, நூல்நூலாகப் பிரிந்து ஃபில்டரில் போய் உட்காரும். லைனை இரு முனையும் கழற்றிய நிலையில், இஞ்சின் பக்கமிருந்து ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

மாட்டும் முன் 2 லிட்டர் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும் இரும்புத் துகள் வரும். மாட்டியபின் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, கசிவு பார்த்துக்கொண்டே மீட்டர் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஃபில்டரை 200 கி.மீ.யில் கழற்றி எறியுங்கள்.

கே: புது டேங்க் போட்டதிலிருந்து பெட்ரோல் மீட்டர் முள் அசையவே இல்லை. மிதவை யூனிட் புதிது.
– வாசகர், ஆற்காடு

ப: பெயிண்ட்! ரப்பர் பட்டை மேல் உட்கார்ந்த, பளபளவென்று பெயிண்ட் அடித்த டேங்க்குக்கு எர்த் கிடைப்பதில்லை. சாவியை அணைத்துவிட்டு, யூனிட்டின் ஒரு திருகின் அடியில் பெயிண்டைச் சுரண்டி, அங்கிருந்து சாசிக்கு ஒரு ஒயர் போடுங்கள். எல்லாம் இறுக்கியபின் சாவியைத் திருப்புங்கள். டேங்க் அருகில் ஒயரை உரசிப் பொறி பார்க்கிற பழக்கம் வேண்டாம். அதன் பிறகும் முள் நகரவில்லையென்றால் யூனிட்டைக் கழற்றி மல்டிமீட்டரில் வையுங்கள். மிதவைக் கையை மெதுவாகத் தூக்கும்போது ஓம் அளவு விட்டுவிட்டுக் குதிக்காமல் சீராக மாற வேண்டும்.

கே: வேலூரிலிருந்து போளூர் போகும்போது கண்ணமங்கலம் தாண்டினால் வண்டி நின்றுவிடுகிறது. கொஞ்சம் பொறுத்தால் கிளம்புகிறது. டேங்க் மாற்றி ஒரு மாதம்தான் ஆகிறது.
– வாசகர், காட்பாடி

ப: அடுத்த முறை நின்றதும் பானெட்டைத் தொடாமல் பெட்ரோல் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே போய், உடனே கிளம்பினால் காற்றுக் குழாய் அடைபட்டிருக்கிறது, அல்லது துளையில்லாத மூடியை மாட்டியிருக்கிறார்கள். பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் கூடி, பம்பால் இழுக்க முடியாமல் போகிறது. மூடி திறந்தும் கிளம்பாமல், கால் மணி நேரம் ஆறினால்தான் எழும்புகிறதென்றால் வெயிலில் லைனுக்குள் பெட்ரோல் ஆவியாகிறது. வேலூர் மே மாதத்துக்கு இது புதிதல்ல. பம்ப் மேல் ஈரத்துணி அப்போதைக்கு உதவும். சைலன்சர் மேனிஃபோல்டை ஒட்டிப் போகும் லைனைத் தள்ளி அமைப்பதே வைத்தியம். இரண்டும் இல்லையென்றால் ஃபில்டரைப் பாருங்கள். பழைய லைனில் படிந்த பிசினை எத்தனால் கரைத்துக் கொண்டுவந்திருக்கும்.

கே: டேங்க் மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிய வேண்டுமா?
– வாசகர், ராணிப்பேட்டை

ப: ஆர்.சி.யில் டேங்க் பற்றிய பதிவே இல்லை. கேஸ் கிட் போட்டு எரிபொருளை மாற்றினால் பதிய வேண்டும்.