ஓபியாய்டு (அபின் வகை) போதைப் பழக்கத்துக்கான மருந்தான புப்ரெனார்ஃபினை எழுத அமெரிக்காவில் டாக்டருக்குத் தனி அனுமதி வேண்டுமா?

வேண்டாம். ஓஹையோவில் உங்கள் மைத்துனரின் டாக்டர் வேண்டும் என்று சொன்ன அந்த 'எக்ஸ் வெய்வர்' (இந்த மருந்தை எழுத முன்பு தேவைப்பட்ட தனி அனுமதி) 2022 டிசம்பரில் கையெழுத்தான சட்டத்தோடு ஒழிந்துவிட்டது. ஒரு டாக்டர் இத்தனை நோயாளிகளுக்குத்தான் எழுதலாம் என்ற உச்சவரம்பும் கூடவே போயிற்று. டாக்டரின் டிஇஏ (அமெரிக்கப் போதைமருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) பதிவில், புப்ரெனார்ஃபின் அடங்கும் மூன்றாம் அட்டவணை (ஷெட்யூல் மூன்று) மருந்துகள் இருந்தாலே எழுதலாம்.

அந்த டாக்டருக்குப் பழைய விதியே மனதில் நின்றிருக்கலாம். "உங்கள் டிஇஏ பதிவில் ஷெட்யூல் மூன்று இருக்கிறதா?" என்று நேராகக் கேட்டுப் பாருங்கள். இருந்தும் இழுத்தடித்தால், அது சட்டமல்ல, தயக்கம். வேறு டாக்டரைப் பாருங்கள். ஆள் கிடைக்கவில்லையென்றால் அமெரிக்க அரசின் போதை சிகிச்சை உதவி எண்ணை அழையுங்கள்: 1-800-662-4357. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

அப்புறம் மருந்துக்கடை. சீட்டு கையில் இருந்தும் "ஸ்டாக் இல்லை" என்று திருப்பி அனுப்புவது சகஜம். சீட்டை அனுப்பும் முன்பே போன் செய்து, நாக்கடியில் வைக்கும் 8/2 மில்லிகிராம் ஃபிலிம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: முதல் டோஸை அவசரப்பட்டுப் போடக் கூடாது. கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம் என்று விடுபடல் அறிகுறிகள் (போதைப்பொருளை நிறுத்தியதும் உடலில் வருபவை) நன்றாகத் தெரிந்த பிறகே. முந்தினால் அவஸ்தை பல மடங்காகும். ஃபென்டனில் என்ற வீரியமான ஓபியாய்டு எடுத்தவர் என்றால் இன்னும் சிக்கல். நேரத்தை டாக்டரே சொல்லட்டும்.

இதே சிகிச்சைக்குத் தரும் இன்னொரு மருந்தான மெத்தடோன் கதை வேறு. போதை சிகிச்சைக்கு அதை இன்னும் தனி கிளினிக்கில்தான் வாங்க முடியும்.