வெள்ளி நானோ துகள்களும் குடிநீரும்: கேள்வி பதில்

சார், வெள்ளிச் செம்பில் தண்ணீர் வைத்தாலே கிருமி சாகும் என்கிறார்கள். அப்புறம் நானோ துகள் எதற்கு?

கிருமியைக் கொல்வது வெள்ளி அயனிதான், அதாவது தண்ணீரில் கரைந்து வரும் மின்னூட்டம் பெற்ற வெள்ளி அணு. செம்பின் வழவழப்பான பரப்பிலிருந்து அது சொற்பமாகத்தான் கரையும். அதே எடை வெள்ளியை 20 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) துகள்களாக்கினால் தண்ணீர் படும் பரப்பு பல ஆயிரம் மடங்கு கூடிவிடும். அயனியும் அதிகம் வரும். பாக்டீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகத்தை அது இறுகப் பிடித்துக்கொள்ளும். சுவாசத்துக்கான நொதிகள் முடங்கும், செல் சவ்வும் சிதையும்.

கைக்குழந்தை இருக்கிற வீடு. கொதிக்க வைக்காமல் இதை மட்டும் நம்பலாமா?

வேண்டாம் அம்மா, கொதிக்க வைத்தே கொடுங்கள். பாக்டீரியாவிடம் வெள்ளி நன்றாக வேலை செய்யும். வைரஸ்களிடம் அதே உறுதி இல்லை. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளின் கெட்டியான உறையை அது எளிதில் துளைக்காது. மேலும், தெளிந்த நீரில் குளோரின் அரை மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு வெள்ளிக்குப் பல மணி நேரம் ஆகலாம். உப்புத் தண்ணீராக இருந்தால் அதிலுள்ள குளோரைடு, வெள்ளி அயனியைப் பிடித்து வீணாக்கிவிடும். கலங்கல் நீரிலும் பலன் குறையும்.

எங்கள் ஃபில்டரில் வெள்ளி பூசியிருப்பதாகப் போட்டிருக்கிறது. விளம்பரம்தானா?

இல்லை. என்னைக் கேட்டால் வெள்ளிக்குப் பொருத்தமான இடமே ஃபில்டர்தான். 1981-ல் குவாத்தமாலாவில் உருவான மண்பானை ஃபில்டரைப் பாருங்கள். களிமண்ணோடு மரத்தூளோ உமியோ பிசைந்து சுடுவார்கள். தூள் எரிந்துபோன இடங்கள் நுண்துளைகளாகும். பெரும்பாலான பாக்டீரியாவை அந்தத் துளைகளே தடுத்துவிடும். நழுவி வருவதையும், சுவரில் ஒட்டி வளரப் பார்ப்பதையும் பூசிய வெள்ளி கவனித்துக்கொள்ளும். கார்பன் ஃபில்டரிலும் இதே காரணம்தான். கார்பன் குளோரினை எடுத்துவிடுவதால் அதற்குள் பாக்டீரியா குடியேறுவது சுலபம்.

ஆனால் பூச்சு நாளாக ஆகக் கரைந்துபோகும். தண்ணீர் வழக்கம்போலவே வரும், நிறமோ சுவையோ மாறாது. அதனால் மாற்ற வேண்டிய தேதியை ஃபில்டர் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வெள்ளி சீராகக் கரைய வழி தேடியவர்களில் சென்னை ஐஐடி குழு முக்கியமானது. 2013-ல் அவர்கள் வெளியிட்ட கலவைப் பொருள், லிட்டருக்குச் சுமார் 0.04 மில்லிகிராம் அளவில் அயனியை விட்டுக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளி உடம்புக்குள் போனால்?

லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை பாதிப்பில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒழுங்காகச் செய்த ஃபில்டர் அதைத் தாண்டாது. நுண்ணிய வெள்ளித் துகள்கள் கலந்த திரவத்தை 'கூழ்ம வெள்ளி' என்று மருந்துபோல விற்கிறார்கள், அதைக் குடிப்பதுதான் ஆபத்து. தோல் நீலம் கலந்த சாம்பல் நிறமாகிவிடும், பெரும்பாலும் பழையபடி திரும்பாது. தயவுசெய்து குடிக்காதீர்கள்.

ஃப்ளோரைடு, ஆர்சனிக் போகுமா?

போகாது. அவற்றுக்குத் தனி வடிகட்டி வேண்டும்.

வேதியியல் மாணவன் நான். சில்வர் நைட்ரேட்டிலிருந்து நானே வெள்ளி நானோ துகள் தயாரித்து வீட்டுத் தண்ணீரில் கலக்கலாமா?

ஆய்வகத்தில் செய்து பாருங்கள் தம்பி, அருமையான சோதனை. கரைசல் மஞ்சளானால் துகள் உருவாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனால் மிச்சமிருக்கும் நைட்ரேட்டையும் வினைபுரியாத வெள்ளியையும் அந்த மஞ்சள் காட்டாது. வீட்டுக் குடத்தில் ஊற்ற வேண்டாம். கழிவைச் சாக்கடையில் கொட்டவும் வேண்டாம், மீன்களுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் வெள்ளி கடும் நஞ்சு. தனிப் பாட்டிலில் சேர்த்து ஆய்வகப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.