பதில்: 6 நாள், 2 குழந்தைகள், கூடாரம் – பேட்லேண்ட்ஸும் யெல்லோஸ்டோனும் முடியுமா?

வணக்கம். சிகாகோவில் கிளம்பி 6 நாளில் பேட்லேண்ட்ஸ், யெல்லோஸ்டோன் ஆகிய இரண்டு தேசியப் பூங்காக்களையும் பார்த்துத் திரும்பணும், சின்னவனுக்கு 4 வயது என்று எழுதியிருக்கீங்க. தயவுசெய்து யெல்லோஸ்டோனை இந்தத் தடவை விட்டுடுங்க. தெற்கு டகோட்டாவில் இருக்கும் பேட்லேண்ட்ஸ் வரைக்குமே 850 மைல் இருக்கும். அதுக்கு மேலே போனா பாதி விடுமுறை கார் சீட்டிலேயே போயிடும், பிள்ளைங்க பாவம்.

தெற்கு டகோட்டாவே போதும். முதல் நாள் சியூ ஃபால்ஸில் தங்குங்க. மறுநாள் மிட்செலில் சோளக்கதிர்களால் சுவரை அலங்கரிச்ச கார்ன் பேலஸ், அரை மணி நேரம் போதும்.

பேட்லேண்ட்ஸில் சேஜ் கிரீக் முகாமுக்குக் கட்டணம் இல்லை, ஆனா தண்ணீரும் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் எடுத்துட்டுப் போங்க. பூங்கா முழுக்க விறகு மூட்டத் தடை, கேஸ் அடுப்புதான். காற்று பலமா அடிக்கும், கூடாரத்துக்கு நீளமான முளைகளா வாங்கிக்குங்க. நாங்க போனப்போ விடியற்காலையில் 'சரக் சரக்'னு சத்தம். ஜிப்பைக் கொஞ்சம் திறந்து பார்த்தா காட்டெருமை ஒண்ணு புல் மேய்ஞ்சுட்டு இருந்தது. அது போற வரைக்கும் மூச்சுக் காட்டாம உள்ளேயே இருந்தோம். வெளியே பார்த்தா 100 கஜமாவது தள்ளி நில்லுங்க. சின்னவன் கையை விடவே விடாதீங்க.

பக்கத்து ஊரான வாலில் இருக்கும் வால் டிரக் (Wall Drug) கடையில் ஐஸ் தண்ணீர் இலவசம், முகாமுக்குக் கிளம்பும் முன் கேன்களை அங்கே நிரப்பிக்கலாமான்னு கேளுங்க. அதே மாநிலத்தில் இருக்கும் கஸ்டர் பூங்காவுக்கு முழுசா 2 நாள் ஒதுக்குங்க. அங்கே நீடில்ஸ் சாலையில் ஒரு சுரங்கம் சுமார் 8 அடி அகலம்தான். உங்க கார் மேலே பெட்டி கட்டுவீங்களா? உயரத்தையும் அளந்து சொல்லுங்க.