ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தால் போதுமா?

கேள்வி: நான்கு மாடிகள் கொண்ட பொது நூலகம் ஒன்றுக்கு நான் பொறுப்பாளர். எங்கள் பகுதி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு இனி இரவில் இயங்காது என்றும், அருகில் இருந்த தீயணைப்பு நிலையம் வேறொரு நிலையத்தோடு இணைக்கப்படும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். ‘அது அவர்கள் பாடு, நமக்கென்ன’ என்கிறார்கள் உடன் பணிபுரிபவர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கட்டடத்தை நிர்வகிப்பவர்கள் எதையேனும் மாற்றிக்கொள்ள வேண்டுமா?

பதில்: நிச்சயம் மாற்றிக்கொள்ள வேண்டும். உதவி வந்து சேரும் நேரம் நீளும்போது, நீண்டுபோன அந்த நிமிடங்களை யாராவது ஒருவர் சுமந்தாக வேண்டும். உங்கள் கூடத்தில் ஒருவர் சரிந்து விழுந்தால், சுமக்கப் போகிறவர் உங்கள் ஊழியர்தான். இதயத்துடிப்பு நின்றவருக்கு மார்பை அழுத்தும் முதலுதவியும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும், அவர் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது.

‘இத்தனை நிமிடங்களில் வந்துவிடுவோம்’ என்ற அறிவிப்பைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் வண்டி வாசலில் வந்து நிற்பதோடு முடிந்துவிடும். நோயாளியோ மேல்மாடியில் கிடப்பார். கனடாவின் டொராண்டோ பகுதியில் குடியிருப்புகளில் இதயத்துடிப்பு நின்றவர்களைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வில், மூன்றாம் தளத்துக்குக் கீழே இருந்தவர்களில் 4.2 சதவீதத்தினரும், மூன்றாம் தளத்திலோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 2.6 சதவீதத்தினரும் பிழைத்ததாகத் தெரியவந்தது. சாலையில் மிச்சப்படுத்திய நேரம் மாடியேறுவதில் கரைந்துபோகக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே ஒரு மாலை நேரத்தில் கடிகாரத்தோடு வாசலில் நின்று, அங்கிருந்து மேல்மாடியின் கடைசி மேசைவரை நடந்து பாருங்கள். பக்கவாட்டுக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் விடுப்பில் போனால் யாரிடம் இருக்கும், ஆம்புலன்ஸ் திரும்ப வேண்டிய இடத்தில் எத்தனை இருசக்கர வண்டிகள் நிற்கின்றன என்பதெல்லாம் அந்த ஒரு நடையில் தெரிந்துவிடும். லிஃப்டையும் அளந்து பாருங்கள். எட்டுப் பேர் செல்லும் லிஃப்டின் உட்புறம் பொதுவாக 1.1 மீட்டர் அகலமும் 1.4 மீட்டர் ஆழமும்தான். ஸ்ட்ரெச்சரோ ஏறக்குறைய 2 மீட்டர் நீளம். படுத்த நிலையில் நோயாளியை அதில் ஏற்ற முடியாது என்பதை முன்கூட்டியே அறிந்து தொலைபேசியிலேயே சொல்லிவிட்டால், வருகிறவர்கள் அதற்கான ஏற்பாட்டோடு மாடியேறுவார்கள்.

இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவியை எல்லாரும் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். அமெரிக்காவில் சூதாட்டக் கூடங்களின் பாதுகாவலர்களுக்கு இக்கருவியில் பயிற்சி அளித்துப் பார்த்தார்கள். விழுந்த மூன்று நிமிடங்களுக்குள் மின்னதிர்ச்சி பெற்றவர்களில் 74 சதவீதம் பேரும், அதற்குப் பின் பெற்றவர்களில் 49 சதவீதம் பேரும் பிழைத்ததாக 2000இல் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. அவர்களைக் காப்பாற்றியவர்கள் மருத்துவர்கள் அல்லர், வாசலில் நின்ற காவலர்கள் என்பதை உங்கள் சக ஊழியர்களிடம் அவசியம் சொல்லுங்கள். பொறுப்பாளர் அறையில் பூட்டிவைத்த கருவியால் யாருக்கும் பயனில்லை.

தீ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அலாரம் அடித்தாலே வண்டி வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். தவறான அழைப்புகளைக் குறைப்பதற்காக, 2024 அக்டோபர் இறுதியிலிருந்து லண்டன் தீயணைப்புத் துறை, மக்கள் உறங்காத பெரும்பாலான வணிகக் கட்டடங்களுக்குப் பகல் நேரத்தில் தானியங்கி அலாரத்தை மட்டும் நம்பி வண்டி அனுப்புவதில்லை. தீ என்று ஒருவர் அழைத்துச் சொல்ல வேண்டும். உங்கள் பகுதி விதி எதுவென்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் வரும் வாசகரைப் படிக்கட்டு வழியாக இறக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும், தீயணைப்பு வீரர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாமல், இன்றே பெயர் குறித்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அவசர சிகிச்சைப் பிரிவு தொலைவுக்குப் போவது எப்போதும் தீமைதானா? சிறப்பு மையங்களே மேல் என்றும் சொல்கிறார்களே?

பதில்: இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆம்புலன்சில் கொண்டுசெல்லப்பட்ட கடுமையான நோயாளிகளை வைத்து இங்கிலாந்தில் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையின் தொலைவு 10 கிலோமீட்டர் கூடும்போது இறப்பு ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி கூடியது தெரிந்தது. ஆனால் பக்கவாதத்தின் கதை வேறு. லண்டனில் 2010இல் சுமார் 30 மருத்துவமனைகளில் சிதறியிருந்த பக்கவாத அவசர சிகிச்சையை எட்டு மையங்களில் குவித்து, பக்கவாதம் என்று சந்தேகம் வந்த எல்லாரையும் நேரே அங்கு கொண்டுபோனார்கள், இறப்பு குறைந்தது. அதே காலத்தில் பெருநகர மான்செஸ்டரிலும் மையங்கள் வந்தன. ஆனால் நோய் தாக்கி நான்கு மணி நேரத்துக்குள் இருந்தவர்களை மட்டுமே அங்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தின் பிற பகுதிகளைவிட அங்கே இறப்பு குறையவில்லை. யாரை எங்கே அனுப்புவது என்ற விதி, கட்டடத்தைவிட முக்கியம் என்று நான் இதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

இந்த விதி ஆம்புலன்ஸ் ஊழியருக்குத் தெரியும். பதற்றத்தில் தன் காரில் அப்பாவை ஏற்றிக்கொண்டு ஓடும் மகளுக்குத் தெரியாது. பழக்கப்பட்ட மருத்துவமனையின் மூடிய கதவுக்கு முன்னால்தான் அவள் போய் நிற்பாள். பக்கவாதத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எனவே முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அவசர எண்ணைத்தான் முதலில் அழைக்க வேண்டும். பொது அலுவலகச் சுவர்களில் மஞ்சளாகிப் போன தாள் ஒன்றில் ‘அருகிலுள்ள மருத்துவமனை’ என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அந்தத் தாளை மாற்றுவதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது.

கேள்வி: அப்படி மூடிய வாசலுக்கு யாராவது வந்துவிட்டால் மருத்துவமனை என்ன செய்ய வேண்டும்?

பதில்: இரவிலும் வார்டுகளில் செவிலியர்கள் பணியில் இருப்பார்கள். ஆகவே பழைய வாசலில் விளக்கு எரிய வேண்டும். எங்கே போக வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் சொல்லும் பலகையும், எடுத்தவுடன் அவசரக் கட்டுப்பாட்டு அறையோடு பேசக்கூடிய தொலைபேசியும், உள்ளே இருப்பவரை அழைக்கும் மணியும் அங்கே இருக்க வேண்டும். சாலைகளில் நிற்கும் வழிகாட்டிப் பலகைகளை, பிரிவு மூடப்படும் முதல் இரவுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.