ஒரே குடும்பப் பெயரில் இத்தனை பர்கண்டி பாட்டில்கள் ஏன்?

பிரான்சின் பர்கண்டி ஒயின் வட்டாரத்தில், வோன்-ரொமனே ஊரைச் சேர்ந்த க்ரோ குடும்பத்தின் மிஷெல் க்ரோ, ஆன் க்ரோ, ஆ-எஃப் க்ரோ, க்ரோ ஃப்ரேர் எ சேர் எல்லாம் ஒரே ஒயின்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. குடும்பம் ஒன்று, பண்ணைகள் தனித்தனி. பிரெஞ்சுச் சட்டப்படி சொத்து பிள்ளைகளுக்குள் பிரிய வேண்டும் என்பதால் திராட்சைத் தோட்டமும் வரிசை வரிசையாகப் பங்கு போய்விட்டது. ரிஷ்பூர் என்ற திராட்சைத் தோட்டத்தில் மற்ற மூன்று பண்ணைகளுக்கும் பங்கு உண்டு, மிஷெல் க்ரோவுக்கோ க்ளோ தே ரெயா என்ற தோட்டம் முழுவதும் சொந்தம்.

ஒப்பிடுவதானால் ஒரே தோட்டம், ஒரே ஆண்டு எடுங்கள், இல்லாவிட்டால் மண்ணையும் மழையையும்தான் ஒப்பிடுவீர்கள், கைப்பக்குவத்தை அல்ல. 20 வருடம் ஆன நல்ல பினோ நுவார் (பர்கண்டியின் சிவப்பு ஒயினுக்கான திராட்சை வகை) ஒயின் விளிம்பில் செங்கல் நிறத்துக்கு மாறி, பழவாசம் அடங்கி, காளானும் ஈர இலையும் பதனிட்ட தோலுமாக மணக்கும். எனக்கு அதுதான் உயிர். அப்புறம், பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் தங்கட்டும்.