பழைய பீர் ஆலையை அடுக்குமாடி வீடுகளாக மாற்றும்போது எங்கே சிக்கல் வரும்?

பெரும்பாலும் செங்கல் சுவரில்தான். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1996-இல் மூடப்பட்ட பாப்ஸ்ட் ஆலையின் பீப்பாய்க் கிடங்கு இன்று வாடகை வீடுகள். அப்படிப்பட்ட குளிர்ப் பிரதேசத்தில் சுவரின் உட்புறம் தடிமனாக வெப்பக்காப்பு ஒட்டினால், வீட்டுச் சூடு சுவருக்குப் போகாது. மழை ஈரம் காயாமல் தங்கும். அது உறைந்து விரியும்போது செங்கலின் முகம் தகடு தகடாக உதிரும். சுவருக்குள் செருகிய மர உத்தரங்களின் முனையும் அழுகும். ஆகவே முதலில் கூரை ஓரத்தையும் மழைநீர்க் குழாயையும் சரிசெய்யுங்கள். செங்கல் மூட்டுகளில் பழைய சுண்ணாம்புச் சாந்து இருந்தால் அதே வகைதான் வேண்டும். கடினமான சிமெண்ட் அடைத்தால் ஈரம் செங்கல் வழியே வெளியேறி அதையே உடைக்கும், இதில் சமரசமே கூடாது.

கிடங்கின் இருண்ட நடுப்பகுதியைக் குளியலறைக்கும் லிஃப்டுக்கும் ஒதுக்கலாம்.

அமெரிக்காவில், வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் உள்ள கட்டடத்தை ஒப்புதல் பெற்ற முறையில் புதுப்பித்து வாடகைக்கு விட்டால் தகுதியான புதுப்பிப்புச் செலவில் 20% கூட்டாட்சி வரிச்சலுகை கிடைக்கும். 5 ஆண்டுக்குள் விற்றால் அதை முழுதாகவோ ஒரு பகுதியையோ திருப்பிக் கட்ட நேரும். ஜன்னல்களைக் கழற்றும் முன்பே இந்தச் சலுகைக்கான ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.